பட்டாணியின் அறையில் ஒரு வாடை

சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். அவள் மடித்து வைத்த சட்டை ஸ்கேல் வைத்து மடித்த மாதிரி இருக்கும். மடிப்பதற்கு முன்னால் இன்னொரு வேலையும் அவளுடையதுதான். ஓட்டல் துண்டு, ஆஸ்பத்திரி விரிப்பு, கம்பெனிச் சீருடை எல்லாம் துவைத்துக் காய்ந்து அவள் மேசைக்கு வரும். கறை போயிருக்கிறதா என்று விளக்கடியில் விரித்துப் பார்க்க வேண்டும். வாடை போயிருக்கிறதா என்று முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் மடிப்பு, இல்லாவிட்டால் மறுபடி மெஷின். ஒன்பது வருஷம் அவள் பார்த்து அனுப்பிய துணியை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷம் வேறு கதை.

அப்படிப்பட்டவளைத்தான் அந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு டீச்சர் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“தப்பா எடுத்துக்கக் கூடாது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல,” என்றாள் டீச்சர், மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே. “உங்க பொண்ணோட ஸ்வெட்டர், பை, நோட்டு எல்லாத்துலயும் ஒரு வாடை வருது. ஈரத்துணிய மூட்டை கட்டி மறந்துபோன மாதிரி. பக்கத்துல இருக்கற பசங்க மூஞ்சியச் சுளிக்கறாங்க. நான் கண்டிச்சேன். ஆனா திங்கக்கிழமை அவளே எந்திரிச்சுப் போய்க் கடைசி பெஞ்சுல தனியா உக்காந்துட்டா. கேட்டா, ‘எனக்குக் காத்து வேணும் டீச்சர்’ங்கறா.”

“நான் சலவைக்கூடத்துல வேலை பாக்கறேன் டீச்சர். எங்க வீட்டுத் துணில வாடைன்னா…” அவள் சிரித்து மழுப்பப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

டீச்சர் நாற்காலியில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள். கை பழக்கத்தில் அதை முகத்துக்குக் கொண்டுபோனது. அவள் ஆழமாக இழுத்தாள். கம்பளி மூக்கை உறுத்தியது, அவ்வளவுதான்.

“ஆமா. லேசா இருக்கு,” என்றாள்.

மகள் வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எட்டு வயசு. பிறந்தபோது தலை உருண்டையாக இருந்ததைப் பார்த்து அப்பா வைத்த பட்டாணி என்ற பேர்தான் வீட்டில். இருவரும் நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். பட்டாணிக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல், நாலைந்து மாசமாக விட்டு விட்டு வருவது.

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ என்னம்மா பண்ணுவ? உனக்குத்தான் மூக்கு வேலை செய்யாதே.”

மடிப்பக்கா சட்டென்று நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஒருவர் அவள்மேல் இடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி விலகிப் போனார்.

“யாருடி சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. போன வருஷம் பால் கெட்டுப்போச்சுல்ல? நீ மோந்து பாத்துட்டு ‘நல்லாத்தான் இருக்கு, குடி’ன்ன. அப்பறம் ஒருநாள் அடுப்புல துணி கருகிச்சு. நீ பக்கத்துலயேதான் நின்ன.” பட்டாணி பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “நான் பைக்குள்ள சோப்புத் துண்டு போட்டு வெச்சேம்மா. காலைல ஸ்வெட்டர சமையல்கட்டு ஜன்னல்ல மாட்டிட்டுத்தான் போட்டுக்கறேன். அப்பிடியும் போகல.”

“பால் கெட்டிருக்குன்னு தெரிஞ்சும் குடிச்சியா?”

“கொஞ்சம் குடிச்சேன். மிச்சத்தக் கொட்டிட்டேன்.”

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தியது. எழுந்தபோது காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. சோப்பு, பழம், மகளின் தலைமுடி எதற்கும் மணமில்லை. டாக்டர் சில மாசத்தில் வந்துவிடும் என்றார். வரவில்லை. மடிப்பக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. சலவைக்கூடத்தில் சொன்னால் அந்த மேசை போய்விடும் என்று பயம். லாரி ஓட்டும் கணவர் பத்து நாளைக்கொரு முறை வீட்டுக்கு வருகிறவர். அவரிடம் சொல்லி வழியெல்லாம் கவலைப்பட வைப்பானேன் என்று விட்டுவிட்டாள். காதும் காதும் வைத்த மாதிரி மறைத்துவிட்டதாக நினைத்திருந்தாள். கூடவே இருந்த சின்னது எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அம்மாவுக்கு வலிக்கக் கூடாது என்று தானும் மறைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நேரே மகளின் அறைக்குள் போனாள். பத்துக்கு எட்டு இருக்கும். ஒரு கட்டில், படிக்கிற மேசை, பின்சுவரை ஒட்டிப் பெரிய மர பீரோ. வெளிர்நீலப் பெயிண்ட் அவளே அடித்தது. ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழுப்பு டேப். இருமல் தொடங்கியபோது தூசிதான் காரணம் என்று நினைத்து அவளே ஒட்டினாள். இருமலுக்கு நல்லது என்று தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்கு ஆவி பிடிக்க வைத்தாள். மழைக்காலத்தில் வீட்டுத் துணியையும் இந்த அறையில்தான் கொடி கட்டிக் காயப்போட்டாள். மேசைமேல் ரோஜாப் படம் போட்ட வாசனை டப்பா ஒன்று. படத்தைப் பார்த்து வாங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டு அறையைத் தேய்த்தாள். தரை, கட்டில் கால், மேசை இழுப்பறை ஒன்றையும் விடவில்லை. எல்லாம் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் வந்த பட்டாணி வாசற்படியில் நின்று மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“பரவால்லம்மா,” என்றாள்.

அந்தப் ‘பரவால்ல’ அவளை அறுத்தது. இந்த வீட்டுக்கு ஒரு நல்ல மூக்கு வேண்டும். குழந்தையை மோப்பம் பிடிக்க விட முடியாது. மூலைக்கு மூலை குனிந்தால் இருமிச் சுருண்டுவிடும். அவளுக்குத் தெரிந்த நல்ல மூக்கு ஒன்றே ஒன்றுதான். அதன் சொந்தக்காரியோடு எட்டு மாசமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நாத்தனார் தானியக் கிடங்கில் சரக்குப் பார்க்கிறவள். மூட்டையில் கம்பியைக் குத்தி எடுத்து, உள்ளங்கையில் கொட்டி ஒரு முறை மோந்தால், எந்த மூட்டை நனைந்தது, எது பூஞ்சை பிடிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவாள். அண்ணன் அவளை மோப்பம் என்றே கூப்பிடுவார். கிடங்கோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அந்த மூக்கு சும்மா இருக்காது. எட்டு மாசத்துக்கு முன் வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், “என்ன அண்ணி, வீட்டுக்குள்ள ஒரு புழுங்கின வாடை?” என்று கேட்டாள். கூட நாலு பேர் இருந்தார்கள். சலவைக்கூடத்துக்காரியின் வீட்டைப் பார்த்து நாலு பேர் முன்னால் கேட்கிற கேள்வியா? “உன் மூக்க உன் வீட்லயே வெச்சுட்டு வா,” என்று மடிப்பக்கா சொல்லிவிட்டாள். வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள்.

போனை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, மூன்றாம் முறைதான் அழைத்தாள்.

“சொல்லுங்க,” என்றது மறுமுனை. அண்ணி என்ற சொல் இல்லை.

“வந்து… வீட்ல ஒரு வாடை வருதாம்.”

“ஓஹோ.”

“பட்டாணி ரூம்ல. ஸ்கூல்ல கூப்பிட்டுச் சொல்றாங்க. அவ இருமிக்கிட்டே இருக்கா. எங்கேருந்து வருதுன்னு என்னால கண்டுபிடிக்க முடியல.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி ஏதாவது சொல்லப் போகிறாள் என்று மடிப்பக்கா காத்திருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை காலைல வரேன்,” என்றாள் நாத்தனார். “அதுவரைக்கும் புள்ளைய அந்த ரூம்ல படுக்க வெக்காதீங்க.”

சொன்ன மாதிரியே வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கையில் ரப்பர் கையுறை, இரண்டு முகமூடி, கிடங்கிலிருந்து கொண்டுவந்த சின்ன வட்ட மீட்டர். காற்றில் எவ்வளவு ஈரம் என்று முள் காட்டுகிற கருவி. முறைத்துக்கொண்டேதான் உள்ளே வந்தாள். “அத்தை!” என்று பட்டாணி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டதும் முறைப்பு பாதி போய்விட்டது. குழந்தையைக் கலர் பென்சிலோடு பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள்.

அறைக்குள் நுழைந்ததும் நாத்தனார் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். “அய்யோ.” மீட்டரை மேசைமேல் வைத்தாள். முள் ஏறி ஏறி எண்பத்தொன்றில் நின்றது. “கிடங்குல அறுபத தாண்டினாலே எங்க ஆபீசர் குதிப்பாரு. இது குழந்த தூங்கற எடம்.”

பிறகு அவள் வேலையைத் தொடங்கியது பார்க்கப் பார்க்க ஆச்சரியம். கண்ணை மூடிக்கொண்டு சுவரோரமாக அடி மேல் அடி வைத்து நடந்தாள். மேசையருகே நின்று தலையாட்டினாள், இங்கே இல்லை. தலையணையை எடுத்து மோந்தாள். மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கினாள். அப்படியே பீரோவின் பக்கம் போய், சுவருக்கும் அதற்கும் இடையே மூக்கை வைத்தவள் சட்டென்று பின்வாங்கித் தும்மினாள்.

“இந்தப் பக்கம் பிடிங்க அண்ணி.”

அண்ணி என்று சொல்லிவிட்டதை இருவரும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள். முகமூடியைப் போட்டுக்கொண்டு இருவரும் சேர்ந்து பீரோவை நகர்த்தினார்கள்.

பின்னால் சுவர் இல்லை என்று தோன்றியது. வெளிர்நீலம் முழங்கால் உயரத்திலிருந்து தோள் உயரம்வரை கறுத்துக் கிடந்தது. நடுவில் கன்னங்கரேல் என்று, ஓரங்களில் பச்சையும் சாம்பலுமாகப் புள்ளி புள்ளியாக. பெயிண்ட் கொப்பளித்து இலை மாதிரி சுருண்டிருந்தது. பீரோவின் முதுகுப் பலகையில் வெள்ளை நூல் படர்ந்திருந்தது. அந்தப் பீரோவுக்குள்தான் ஸ்வெட்டரும் யூனிபார்மும். மடிப்பக்கா கட்டில் மெத்தையைப் புரட்டினாள். சுவர்ப்பக்கம் அடிப்பாகத்தில் அதே புள்ளிகள். மகள் தலைவைத்துப் படுக்கும் இடம்.

அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

நாத்தனார் மெத்தை விரிப்பைச் சுருட்டி நீட்டினாள். “இத மோந்து பாருங்க. இவ்ளோ நாளா இது உங்களுக்கு எப்பிடித் தெரியாம போச்சு?”

மடிப்பக்கா முகமூடியை இறக்கி மோந்தாள். “ஆமா. ரொம்ப நாறுது.”

நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு வெளியே போய், சமையல்கட்டுக் கொடியிலிருந்து எதையோ உருவிக்கொண்டு வந்தாள். “இது?”

ஒரு துண்டு. மடிப்பக்கா அதையும் மோந்தாள். “ஆமா, இதுவும்தான். இதுலயும் ஏறியிருக்கு.”

“அண்ணி, இது இன்னிக்குக் காலைல துவைச்ச துண்டு. சோப்பு வாசனை கமகமன்னு வருது.”

மடிப்பக்கா துண்டை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள். பிறகு மகளின் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காய்ச்சல், வெந்நீரான காப்பி, கெட்டுப்போன பால், டேப், ஆவி. இருமல் கூடக் கூட டேப்பை இன்னும் இறுக்கி ஒட்டியது. ஆவியை ஒரு வேளையிலிருந்து இரண்டு வேளையாக்கியது.

“எல்லாத்தையும் நான்தான் பண்ணிருக்கேன். காத்த அடைச்சு, ஈரத்த ஊத்தி, நானே வளத்து வெச்சிருக்கேன்.”

“அப்ப அன்னிக்கு நான் சொன்னப்ப…”

“நீ வேணும்னே சொல்றன்னு நெனச்சேன். எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே. இல்லாத வாடைய நாலு பேர் முன்னாடி இருக்குங்கறாளேன்னு ஆத்திரம்.”

நாத்தனாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம். இப்போது வந்தது கோபம் இல்லை. தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். “நானும் நாலு பேர் முன்னாடி கேட்டிருக்கக் கூடாது. தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருந்தா, அன்னிக்கே இந்த பீரோவ நகத்திருப்போம். எட்டு மாசம்.” கொஞ்சம் பொறுத்து, “அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சரி, மூக்கச் சிந்திட்டு எந்திரிங்க. அதுக்காவது வேலை செய்யுதுல்ல?”

மடிப்பக்கா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

முதல் வேலையாக டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தார்கள். நாலைந்து மாச அடைப்பு, பிசின் விடமாட்டேன் என்றது. கத்தியால் சுரண்ட வேண்டியிருந்தது. அறைக்கதவை மூடி, கீழ் இடுக்கில் ஈரத்துணியைச் செருகினார்கள், தூள் வீட்டுக்குள் பரவாமல் இருக்க. “துடைப்பத்தத் தொடாதீங்க. பெருக்கினா எல்லாம் பறந்து நம்ம நெஞ்சுக்குள்ளதான் போகும்,” என்றாள் நாத்தனார். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, துடைத்த துணியை அப்படியே பைக்குள் போட்டுக் கட்டினார்கள். மெத்தை, தலையணை, பீரோவின் முதுகுப் பலகை மூன்றும் வெளியே போயின. ரோஜா டப்பாவும் போயிற்று. “இது வாடைமேல போர்வை போத்தும், அவ்ளோதான்,” என்றாள் நாத்தனார். புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வெயிலில் விரித்தார்கள். துணி எல்லாம் கொதிநீரில். அது மடிப்பக்காவின் துறை, அதில் நாத்தனார் வாய் திறக்கவில்லை.

சுவரைத் துடைத்த பிறகு நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். “ரெண்டு நாள் இருக்கட்டும். தாளுக்கு வெளிய தண்ணி முத்து முத்தா நின்னா ஈரம் ரூம் காத்துலேருந்து வருது. உள்பக்கம் நின்னா சுவத்துக்குள்ளேருந்து. இதுக்கு மூக்கு வேணாம், கண்ணு போதும்.”

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் மடிப்பக்கா பார்த்தாள். தாளின் உள்பக்கம், கீழே முழங்கால் உயரத்தில், வேர்த்த மாதிரி துளித் துளியாக நின்றது. அவள் சுவரின் மறுபக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள். அந்த இடத்துக்கு நேர் பின்னால் குளியலறைக் குழாய். டேப்பும் ஆவியும் ஈரத்துணியும் சேர்ந்து இதை வளர்த்தது உண்மை. ஆனால் விதை அவள் போட்டதில்லை. அது எவ்வளவு ஆறுதல் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டு ஓனர் வந்தார். சுவரை விரலால் தட்டினார். “பழைய வீடும்மா. ஓதம் இருக்கத்தான் செய்யும். ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சா காணாம போயிடும்.”

“கண்ணுக்குக் காணாமப் போயிடும் சார். என் மூக்குக்கு ஏற்கெனவே தெரியாது. அப்பறம் நான் எத வெச்சுக் கண்டுபிடிக்கறது? என் பொண்ணு இருமலையா?”

ஓனருக்கு அது பாதிதான் புரிந்தது. ஆனால் மூக்கு தெரியாது என்று அவள் வாய் கூசாமல் சொன்னதில் ஏதோ ஒன்று அவரை எதிர்த்துப் பேசவிடவில்லை. தாளை உரித்துத் துளிகளைக் காட்டினாள். மறுநாளே பிளம்பர் வந்து டைல்ஸ் இரண்டைப் பெயர்த்தார். குழாய் இணைப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதில் தண்ணீர் வழியவில்லை, கசிந்தது. எத்தனை மாசமாகவோ.

கணவருக்குப் போனில் சொன்னாள். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டார். “நான் வரும்போதெல்லாம் சட்டையக் கழட்டி மூலைல போட்டுட்டு, ‘நாறுதா’ன்னு கேப்பேன். நீ ‘ஆமா, தூக்கிட்டுப் போங்க’ன்னு மூக்கப் பிடிச்சுக்குவ,” என்றார். “அது நடிப்பா?”

“நாறும்னு தெரியுமே. மோந்து வேற பாக்கணுமா?”

அவர் சிரித்தார். பிறகு, “அடுத்த தடவை வரும்போது டாக்டர்கிட்ட போலாம். உன் மூக்குக்கும், அவ நெஞ்சுக்கும்,” என்றார்.

இன்னொன்று பாக்கி இருந்தது. இரண்டு வருஷத்தில் ஓர் ஓட்டலிலிருந்து துண்டு மூட்டை மூன்று முறை திரும்பி வந்திருந்தது, ஈர வாடை என்று. மூன்று முறையும் முதலாளி மெஷின்காரரை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். சரியாக உலர்த்தவில்லை, கவனம் இல்லை, கண் எங்கே இருக்கிறது. அவர் தலையைக் குனிந்து நின்றார். மடிப்பக்கா தன் மேசையில் குனிந்து மடித்துக்கொண்டிருந்தாள். உலர்த்தாதது அவர் தப்பாகவே இருக்கட்டும். வெளியே போகவிடாமல் பிடித்து நிறுத்த வேண்டிய மூக்கு யாருடையது?

வியாழக்கிழமை டீ நேரத்தில் எல்லாரும் இருக்கும்போதே முதலாளியிடம் சொன்னாள். “மெஷின் அண்ணன எல்லார் முன்னாடியும் திட்டினீங்க. அதனால நானும் எல்லார் முன்னாடியும் சொல்லணும்.”

முதலாளி எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு அவளைப் பார்த்தார். கத்தத்தான் செய்தார். “ரெண்டு வருஷம் என்னைய ஏமாத்திருக்க!” என்றார். மறுநாள் மோந்து பார்க்கும் வேலையை இஸ்திரி மேசைப் பெண்ணிடம் கொடுத்தார். கறை பார்ப்பதும் மடிப்பதும் அவளிடமே இருக்கட்டும் என்றார், இன்னும் முகம் கொடுக்காமலே. வேலை போகவில்லை. ஆனால் பதினோரு வருஷப் பேர் போயிற்று, அதைத் திரும்பக் கட்ட நாளாகும்.

“மன்னிச்சிடுங்கண்ணே,” என்று அவள் மெஷின்காரரிடம் போய் நின்றபோது, அவர் மெஷின் கதவைச் சாத்திவிட்டு, “வேலையப் பாரும்மா,” என்றார். இன்றுவரை பழையபடி பேசுவதில்லை. அவளும் அதைத் தனக்கு வேண்டியதுதான் என்று எடுத்துக்கொண்டாள்.

ஓனர் ஆள் வைத்துச் சுவரைக் கொத்தினார். செங்கல் தெரிய மூன்று வாரம் காயவிட்டார்கள். தினமும் காலையில் ஜன்னல், எதிரே கதவு, நடுவே மின்விசிறி. மீட்டரை நாத்தனார் இங்கேயே விட்டுப் போயிருந்தாள். கிடங்கில் கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். எண்பத்தொன்று எழுபதாயிற்று, அறுபத்திரண்டாயிற்று. ஒருநாள் ஐம்பத்தைந்தில் வந்து நின்றது. பூசிக் காய்ந்த பிறகு சுவருக்கு வெள்ளையே போதும் என்றாள் பட்டாணி. “கறுப்பு வந்தா உடனே தெரியும்ல?”

அறையை மறுபடி அடுக்கும் நாளில் அத்தையும் அம்மாவும் சண்டை போட்டார்கள்.

“கட்டில ஜன்னலுக்குக் கீழ போடலாம்.”

“மழை பேஞ்சா நனையும் அண்ணி. இந்தப் பக்கம் போடுங்க. சுவத்துலேருந்து ஒரு சாண் தள்ளி.”

“ஒரு சாண் தள்ளினா கதவு தொறக்காது.”

“தொறக்கும். தள்ளிப் பாத்தீங்களா?”

“எம் பொண்ணு ரூமு, நான் பாத்துக்கறேன்.”

“உங்க பொண்ணு ரூம நீங்க பாத்துக்கிட்ட அழகத்தான் பாத்தோமே,” என்று சொல்லிவிட்டு நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மடிப்பக்கா கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து, “சரி, தள்ளு,” என்றாள். கதவு திறந்தது, மயிரிழையில். பீரோ எதிர்ச்சுவர் பக்கம் போயிற்று, அடியில் மரக்கட்டை வைத்து. துணிக்கொடியை அறுத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார்கள்.

பட்டாணி உள்ளே வந்து நின்றாள். இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் மூக்கையே பார்த்தார்கள். அவள் ஒருமுறை உறிஞ்சினாள். கட்டிலருகே போய் உறிஞ்சினாள். பீரோவைத் திறந்து தலையை உள்ளே விட்டு உறிஞ்சினாள்.

“என்னடி, எப்படி இருக்கு?” என்றாள் அம்மா. “உண்மையச் சொல்லு. பரவால்லன்னு சொன்னா அடிதான்.”

“ஒண்ணுமே வரலம்மா. வாசனையும் இல்ல, நாத்தமும் இல்ல. உனக்கு எப்படி இருக்கோ, எனக்கும் அப்படியே இருக்கு.”

மடிப்பக்கா மகளை இழுத்து அணைத்து, அந்த உருண்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. டாக்டர் இப்போது தினமும் காலையும் மாலையும் நாலு வெவ்வேறு பொருளை முகர்ந்து பழகச் சொல்லியிருக்கிறார். வரலாம், வராமலும் போகலாம் என்று நேராகவே சொன்னார். அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, மறைக்க வேண்டிய வருத்தம் இல்லை.

இருமல் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. குளிர் விழுந்தால் இரண்டு நாள் வரும், டாக்டர் கொடுத்த மூச்சு மருந்துப் பம்பை இரண்டு முறை இழுத்தால் அடங்கும். படுத்தால் மூச்சு இழுக்கிற சத்தம் போய்விட்டது. பள்ளியில் இரண்டாவது பெஞ்சுக்கு அவளே திரும்பி வந்ததாக டீச்சர் சொன்னாள். பக்கத்துப் பெண்ணோடு ஓயாமல் பேசுகிறாளாம். அதற்காக அடுத்த வாரம் ஒருநாள் வந்து பார்க்கும்படி சொல்லி அனுப்பியிருந்தாள். மடிப்பக்கா சந்தோஷமாக லீவு சொன்னாள்.